காலி இடத்தில் பூங்கா வரப்போகிறது: குழந்தைகளுக்காக எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

வேர்க்கால் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஏறத்தாழ ஓர் ஏக்கர் காலி இடம் இருக்கிறது. அதைப் பூங்காவாக்கப் போகிறார்கள். வரைபடம் வந்துவிட்டது, கருத்துச் சொல்ல மூன்று வாரம் கொடுத்திருக்கிறார்கள். எல்லோர் சார்பிலும் எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கு இந்தத் துறை தெரியாது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வரைபடத்தில் இருப்பது இதுதான். சுற்றிலும் ஆளுயரச் சுவர், ஒரே வாசல். சுவரை ஒட்டி நடைபாதை. நடுவில் புல்வெளி, அதைச் சுற்றிக் குட்டையான கம்பி வேலி, அதாவது புல்லில் கால் வைக்கக் கூடாது. ஒரு நீரூற்று. வடகிழக்கு மூலையில் 'சிறுவர் விளையாட்டுப் பகுதி' என்று ஒரு சின்னக் கட்டம். ரப்பர் தரை, ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், ஒரு சீசா. மொத்த இடத்தில் அது பத்தில் ஒரு பங்குகூட வராது.

இப்போது அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பக்கத்துக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது கொட்டிய மண் அங்கே மேடாகக் கிடக்கிறது. என் தோள் உயரம் இருக்கும். பள்ளி விட்டதும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் அதன் மேல்தான். ஒரு பக்கம் ஏறி ஏறித் தடம் விழுந்துவிட்டது. மறுபக்கம் அட்டைப் பெட்டியைக் கிழித்துப் போட்டுச் சறுக்கிச் சறுக்கி மண் வழவழவென்று ஆகிவிட்டது. நேற்று என் மகள், ஆறு வயது, மேட்டின் அடியில் குச்சியால் ஒரு கால்வாய் கீறினாள். புட்டியில் மீதியிருந்த தண்ணீரை அதில் ஊற்றி, அது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தாள். வழியில் ஒரு கல்லை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வரைபடக் குறிப்பில் முதல் வரியே 'மண் மேடு அகற்றப்பட்டு நிலம் சமன் செய்யப்படும்' என்பதுதான். அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபலகை

நிலவடிவமைப்பு என் தொழில். அந்த மேட்டை விட்டுவிடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்துக்கு அப்புறம் வருகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் வாசலுக்கு வெளியே நின்று பாருங்கள். ஓர் எட்டு வயதுப் பிள்ளை வீட்டிலிருந்து கிளம்பி அந்த வாசல்வரை தனியாக வந்து சேர முடியுமா? பாதிப் பூங்கா அங்கேயே முடிவாகிவிடுகிறது. வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், சுமார் ஐந்து நிமிட நடையில், குறைந்தது அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமையான இடம் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு ஓர் அளவு சொல்கிறது. அந்த 300 மீட்டரை வரைபடத்தில் வட்டம் போட்டு அளந்தால் ஏமாந்துவிடுவோம். நடுவில் ஒரு பெரிய சாலை குறுக்கிட்டால் பிள்ளைக்கு அந்த இடம் இல்லாத மாதிரிதான். இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் கணக்கெடுத்தார்கள். 1971-ல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணை இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-ல் அது 9 சதவீதம். அந்த இருபது ஆண்டுகளில் வாகனங்கள் பெருகின, பெற்றோருக்குப் பயம் வந்துவிட்டது.

அதனால் உங்கள் கடிதத்தில் முதலில் வர வேண்டியது சாலை. வாசலுக்கு முன்னால் உயர்த்திய நடைக்கடப்பு, அதாவது வேகத்தடை மாதிரி மேடாக்கிய சாலை கடக்கும் பாதை கேளுங்கள், வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதிகம் வரும் பக்கம் இன்னொரு வாசல் வேண்டும். ஆளுயரச் சுவர் வேண்டவே வேண்டாம். உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியாவிட்டால் எந்த அம்மாவும் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டார். இடுப்பளவு சுவரும் அதற்கு மேல் கம்பியும் போதும்.

இப்போது மேடு. டென்மார்க்கில் சோரன்சன் என்று ஒரு நிலவடிவமைப்பாளர் இருந்தார். தான் அமைத்துக் கொடுத்த விளையாட்டிடங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் மற்ற எல்லா இடத்திலும் விளையாடுவதை அவர் கவனித்தார். கட்டட வேலை நடக்கும் இடம், பழைய சாமான் குவிந்த இடம் என்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம். 1943-ல், நாடு ஜெர்மன் பிடியில் இருந்தபோது, கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில் அப்படி ஓர் இடத்தையே விளையாட்டிடமாகத் திறந்தார்கள். பலகை, செங்கல், கயிறு, மண்வெட்டி, கூடவே ஒரு பொறுப்பாளர், அவ்வளவுதான். பிள்ளைகள் குடிசை கட்டினார்கள், பிரித்தார்கள், மறுபடி கட்டினார்கள். 1946-ல் அதைப் பார்த்துவிட்டுப் போன ஆலன் சீமாட்டி, பிரிட்டனில் குண்டு விழுந்து காலியாகக் கிடந்த மனைகளில் அதே மாதிரி இடங்கள் வரப் பாடுபட்டார்.

உங்கள் மகள் குச்சியும் புட்டித் தண்ணீரும் வைத்துச் செய்தது அதைத்தான். சறுக்குமரத்தில் ஒரு பிள்ளை செய்யக்கூடியது ஏறுவதும் இறங்குவதும். மண்ணில் அது இன்று ஒன்று செய்யும், நாளை வேறொன்று செய்யும். தன் கையால் மாற்ற முடிகிற பொருள் அங்கே இருக்க வேண்டும்.

மேற்பார்வை26

மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். 26 ஆண்டுகள் பூங்காப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன்.

மணல் தொட்டி வைத்தால் நாயும் பூனையும் அதில்தான் போகும். கட்டை, கல் என்று கையில் எடுக்கிற மாதிரி எதை வைத்தாலும் பாதி வடிகாலில் போய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கினால் கொசு. எல்லாவற்றுக்கும் மேலே, யாராவது விழுந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பூங்காவைக் கவனிக்கும் ஆள்தான்.

எனக்கு அது நடந்தது. என் பொறுப்பில் இருந்த ஒரு பூங்காவில் ஏறுகம்பியிலிருந்து விழுந்து ஒரு பையனுக்குக் காரை எலும்பு முறிந்தது. கீழே கெட்டித் தரை. மூன்று விசாரணைக் கடிதம் வந்தது. ஒரே வாரத்தில் ஏறுகம்பி, ராட்டினம், பெரிய ஊஞ்சல் எல்லாவற்றையும் கழற்றி எடுக்கச் சொன்னார்கள், நானே நின்று கழற்றினேன். அதன்பிறகு அங்கே பிள்ளைகள் வரவில்லை. பூங்காவுக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில் விளையாடினார்கள். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அதைப் பார்த்துக்கொண்டே வாசலைப் பூட்டியிருக்கிறேன். கழற்றியது சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. தரையை மாற்றியிருக்க வேண்டும்.

ஆகவே வேர்க்கால், மேட்டைக் கேளுங்கள், ஆனால் அதோடு பராமரிப்பையும் கேளுங்கள். வாரம் ஒரு முறை யார் பார்ப்பார், மாதம் ஒரு முறை எந்தெந்த போல்ட்டை முடுக்குவார், மணலை எப்போது புரட்டுவார், எப்போது மாற்றுவார், அதற்கு எந்தக் கணக்கில் பணம் வரும். மதிப்பீட்டில் கட்டுமானச் செலவை மட்டும் எழுதி, பராமரிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவது வழக்கம். அங்கேதான் எல்லாப் பூங்காவும் சாகிறது.

வரைபலகை

மேற்பார்வை26 ஐயா, இதை நீங்கள் எழுதியதற்கு மிக்க நன்றி. ஆபத்து என்ற சொல்லுக்குள் இரண்டு விஷயம் கலந்துகிடக்கிறது. மேட்டின் உச்சி உயரம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும். பயமாக இருந்தால் இறங்கிவிடும், நாளைக்கு இன்னொரு படி ஏறிப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாதவற்றைத்தான் நாம் ஒழிக்க வேண்டும். துருப்பிடித்த மூட்டு, வெளியே நீட்டிய போல்ட், கெட்டித் தரை, தலை சிக்கும் இடைவெளி. கம்பிகளுக்கு நடுவே ஏறத்தாழ 9 செ.மீ.க்கு மேல் 23 செ.மீ.க்குள் இடைவெளி இருந்தால் சிறு பிள்ளையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். இதை ஒரு டேப் வைத்து நீங்களே அளந்து பார்க்கலாம்.

ஐரோப்பிய விளையாட்டுக் கருவித் தர விதியே மூன்று மீட்டர் வரை விழும் உயரத்தை அனுமதிக்கிறது, கீழே அதற்கு ஏற்ற மெத்தென்ற தரை இருந்தால். உயரத்தைக் குறைப்பதைவிடத் தரையைச் சரி செய்வது முக்கியம். ஐயா சொன்னதும் இதுதான்.

தூறல்

கழிப்பறை பற்றி யாரும் பேசவில்லையே!

இரண்டாவது ஊஞ்சல்

தூறல், சரியாகச் சொன்னீர்கள். இரண்டு பிள்ளைகளின் அம்மா நான். கழிப்பறை இல்லாத பூங்காவில் எங்களால் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது. சின்னவன் 'அம்மா, வருது' என்றதும் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பெரியவள் அப்போதுதான் ஒரு தோழியைப் பிடித்து விளையாட ஆரம்பித்திருப்பாள். குடிநீர்க் குழாயும் அதே மாதிரிதான். ஒரு குழாயைப் பிள்ளை உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் உட்காரும் இடத்தையும் யோசியுங்கள். நாங்கள் வசதியாக உட்கார்ந்தால்தான் பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும். நிழலில், முதுகு சாய்கிற மாதிரி, விளையாடும் இடம் முழுக்கக் கண்ணில் படுகிற மாதிரி இருக்கை வேண்டும். பெஞ்சை எல்லாம் நடைபாதையைப் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள், பிள்ளைகள் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். மூன்று வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 95 செ.மீ. அந்த உயரத்திலிருந்து நகரத்தைப் பார்க்கச் சொல்லி 'அர்பன்95' என்றே ஒரு திட்டம் நடக்கிறது. அதைப் படித்துவிட்டு, செல்பேசியை என் இடுப்பு உயரத்தில் பிடித்தபடி வீட்டிலிருந்து பூங்காவரை வீடியோ எடுத்துக்கொண்டு நடந்தேன். அப்புறம் உட்கார்ந்து பார்த்தால், வழி முழுக்க வண்டிகளின் பம்பர், குப்பைத் தொட்டியின் வயிறு, புகைக்குழாய். பூங்காவுக்குள் வந்தபிறகு வெட்டிவிட்ட செடி வேலி ஒன்று பச்சைச் சுவர் மாதிரி வருகிறது, அதற்கு அந்தப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. பூ எல்லாம் வேலிக்கு மேலே பூத்திருக்கிறது, நான் நிமிர்ந்து நடக்கும்போது ரசித்த பூ. என் மகன் இரண்டு வருடமாக அதன் அடித்தண்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மண்புழு

செடிகொடி என் வேலை, அந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் திசை. பிள்ளைகள் வருவது பள்ளி விட்டபிறகு, சாயங்காலம். அந்த நேர வெயில் மேற்கிலிருந்து சாய்வாக அடிக்கும். அப்படியானால் விளையாடும் இடத்துக்கு மேற்கே அடர்ந்த குடையுள்ள மரங்கள் இருக்க வேண்டும். உங்கள் வரைபடத்தில் விளையாட்டுப் பகுதிக்கு மேற்கே புல்வெளிதான் இருக்கிறது, நிழலே வராது. அது போதாதென்று ரப்பர் தரை வேறு. அடர் நிற ரப்பர் நேர் வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். கைக்குழந்தை தவழ்ந்தால் தோல் பொத்துப்போகும். இரும்புச் சறுக்குமரமும் அப்படியே. இருக்கிற மரங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் நிழலுக்குள் விளையாட்டிடத்தை நகர்த்தச் சொல்லுங்கள். புது நாற்று நட்டால் நிழல் தரப் பல வருடம் ஆகும், அதுவரை நிழல்வலை கட்ட வேண்டும்.

தரைக்கு ரப்பருக்குப் பதில் மரச்சீவல். 30 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் விழுந்தால் தாங்கும், மூடாக்காகவும் இருக்கும், மண்ணும் ஈரமாக இருக்கும். மக்கி மக்கிக் குறைந்துகொண்டே வரும், ஆண்டுக்கு ஒரு முறை மேலே போட வேண்டும். ஐயா சொன்ன பராமரிப்புப் பட்டியலில் இதையும் சேருங்கள்.

மரங்களைக் கவாத்துச் செய்யும்போது கீழ்க்கிளையை எல்லாம் சுத்தமாக வெட்டிவிடுவார்கள். ஒன்றிரண்டு மரத்திலாவது தாழ்ந்த, தடித்த கிளையை விட்டுவைக்கச் சொல்லுங்கள். பிள்ளை ஏறிப் பழகும் முதல் படி அதுதான். புதர்களில் பிள்ளை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து இருக்கட்டும். வெளியிலிருந்து பெரியவர் எட்டிப் பார்த்தால் தெரிய வேண்டும், பிள்ளைக்கு ஒளிந்திருப்பதாகத் தோன்ற வேண்டும்.

நடக் கூடாதவை: அரளி, அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. மஞ்சள் அரளி அதைவிட மோசம், காயைப் பார்த்தால் பிள்ளைகள் எடுத்து விளையாடத் தோன்றும். ஆமணக்கு விதை, குன்றிமணி இரண்டும் வேண்டாம். வறட்சி தாங்கும், பூ பூக்கும் என்று அரளியைப் பொது இடங்களில் வரிசையாக நட்டுவிடுகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் மண். பின்லாந்தில் 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள 75 பிள்ளைகள். சில குழந்தைகள் காப்பகங்களின் சரளைக்கல் முற்றத்தில் காட்டுத் தரையை அப்படியே வெட்டி எடுத்து வந்து பதித்தார்கள், செடித் தொட்டிகள் வைத்தார்கள். பிள்ளைகள் தினமும் அதில் விளையாடினார்கள். 28 நாளில் அவர்களின் தோலில் இருந்த நுண்ணுயிர்களின் வகை கூடியது, நோயெதிர்ப்பைச் சீர்படுத்தும் சில கூறுகள் ரத்தத்தில் நல்ல பக்கம் நகர்ந்தன. சின்ன ஆய்வுதான், அதை வைத்து நோய் வராது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் புல்வெளி வேலியை எடுக்கச் சொல்ல இது உங்களுக்கு உதவும்.

சக்கரச்சுவடு

என் மகனுக்கு ஒன்பது வயது, சக்கர நாற்காலியில் இருக்கிறான். மேலே எல்லாரும் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் மரச்சீவல் என்று படித்ததும் நெஞ்சு கொஞ்சம் அடைத்தது. சக்கரம் அதில் புதைந்துவிடும்.

ஒரு பூங்காவுக்கு ஆசையாகக் கூட்டிப் போனேன். வாசலில் அழகான சாய்தளம், கைப்பிடி எல்லாம் இருந்தது. உள்ளே நடைபாதை முடிந்ததும் ஒரு சாண் ஆழத்துக்கு மணல், அதற்கு நடுவில் ஊஞ்சல். அவன் விளிம்பிலேயே நாற்காலியை நிறுத்திக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதை எண்ணிக்கொண்டிருந்தான். 'அந்த அக்கா நாற்பத்திரண்டு தடவை ஆடினாங்க அம்மா' என்றான் வீட்டுக்கு வரும்போது.

சீவலை எடுக்கச் சொல்லவில்லை. அதற்கு நடுவே ஒவ்வொரு கருவி வரைக்கும் கெட்டியான பாதை ஒன்று போகட்டும், இரண்டு நாற்காலி ஒன்றையொன்று தாண்டுகிற அகலத்தில். மணல் தொட்டியில் ஒன்றை மேசை உயரத்துக்கு உயர்த்தி, அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டால் அவனும் கைவிட்டுத் தோண்டுவான். கூடை ஊஞ்சல் ஒன்று வேண்டும். அதில் படுத்துக்கொண்டும் ஆடலாம், மூன்று பிள்ளைகள் சேர்ந்தும் ஆடலாம், எல்லாருக்குமே பிடிக்கும்.

மேட்டுக்கும் ஒரு பாதை கேளுங்கள். தோள் உயரம் என்றால் 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 12-க்கு 1 சரிவில், அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிற மாதிரி, ஏற ஏறத்தாழ 17 மீட்டர் பாதை தேவை. 20-க்கு 1 என்றால் 28 மீட்டர். மேட்டைக் கொஞ்சம் அகலப்படுத்தி, அதைச் சுற்றி வளைத்து விட்டால் கிடைத்துவிடும். என் மகன் இதுவரை எதன் உச்சியிலும் நின்று பார்த்ததில்லை.

வேர்க்கால்

சக்கரச்சுவடு அக்கா, நீங்கள் எழுதியதை அப்படியே வெட்டிக் கடிதத்தில் வைக்கிறேன், உங்களுக்குச் சம்மதம் என்றால். எங்கள் குடியிருப்பிலேயே நடக்க முடியாத ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். இரண்டு நாளாக இந்த இழையைப் படிக்கும் எனக்கு அவள் நினைவு வரவே இல்லை. அது என்னை உறுத்துகிறது.

சக்கரச்சுவடு

தாராளமாக வையுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு

நான் எழுதலாமா? எனக்கு 14 வயது. எல்லாரும் சின்னப் பிள்ளைகள் என்றே பேசுகிறீர்கள். எங்களுக்கு ஊஞ்சலில் உட்கார்ந்தால் 'இவ்வளவு பெரிய பெண், இறங்கு' என்று சொல்கிறார்கள். பந்து விளையாடும் இடம் முழுக்கப் பையன்கள். பெஞ்சில் உட்கார்ந்து பேசினால், பூங்காவைக் கவனிப்பவர் இரண்டு தடவை பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். நாங்கள் எங்கேதான் இருப்பது? வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறோம்.

வரைபலகை

நீங்கள் எழுதியதுதான் இந்த இழையிலேயே முக்கியமான பதிவு, தங்கை. வியன்னாவில் 1990-களின் நடுவில் இதையே எண்ணிப் பார்த்தார்கள். ஒன்பது வயதுவரை பூங்காவில் பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை சடாரென்று குறைந்துபோனது. நடுவில் ஒரே ஒரு பெரிய திடல் இருந்தால், இடத்துக்குப் போட்டி போட வேண்டியிருக்கிறது, பெண்கள் விலகிக்கொள்கிறார்கள். 1999-ல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். பெரிய திடலைப் பல சின்ன இடங்களாகப் பிரித்தார்கள், கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள், உள்ளே வர வழிகளைக் கூட்டினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

உங்கள் தோழிகளோடு பேசி, உங்களுக்கு என்ன இருந்தால் வருவீர்கள் என்று இங்கே எழுதுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு

கேட்டுவிட்டேன். ஐந்து பேர் எதிரெதிராக உட்கார்கிற மாதிரி ஓர் இடம். பெஞ்ச் எல்லாம் ஒரே வரிசையில் இருந்தால் பேச முடியாது. நாங்கள் உட்கார்கிற இடத்தில் பெரிய ஊஞ்சல், அதில் வயது எழுதக் கூடாது. இருட்டும்போது விளக்கு. இரண்டு வாசல் வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரே வாசல் இருந்து அங்கே யாராவது நின்றுகொண்டிருந்தால் உள்ளே போகவும் மாட்டோம், உள்ளே இருந்தால் வெளியே வரவும் பயம்.

பேரேடு

கணக்கு எழுதுபவன் நான், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. இவ்வளவும் கேட்டால் 'பணம் இல்லை' என்பார்கள், 'பசுமையால் பிள்ளைகளுக்கு என்ன லாபம், ஆதாரம் காட்டுங்கள்' என்பார்கள். என்ன பதில்?

வரைபலகை

ஆதாரத்துக்கு: டென்மார்க்கில் 1985 முதல் 2003 வரை பிறந்த ஒன்பது லட்சத்துக்கும் மேலானவர்களின் பதிவேடுகளைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு 2019-ல் ஆய்வு வந்தது. பத்து வயதுவரை மிகக் குறைந்த பசுமைக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு, பிற்காலத்தில் மனநலக் கோளாறு வரும் வாய்ப்பு, கோளாறைப் பொறுத்து, 55 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. குடும்ப வருமானம், நகரமா கிராமமா, குடும்பத்தில் அந்த நோய் உண்டா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. மரம்தான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. கடிதத்தில் 'தொடர்பு' என்றே எழுதுங்கள், யாரும் மறுக்க முடியாது.

உரிமைக்கு: 1989-ன் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 31-ஆம் பிரிவு விளையாட்டையும் ஓய்வையும் உரிமை என்கிறது. 12-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய முடிவுகளில் குழந்தையின் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது.

பணத்துக்கு: ஆம்ஸ்டர்டாம். போர் முடிந்து கையில் காசில்லாத 1947-ல் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். மணல் குழி, சில கான்க்ரீட் கட்டைகள், வளைந்த இரும்புக் கம்பிகள், சில மரங்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் 700-க்கும் மேல் அமைத்தார், பல இடங்கள் இரண்டு வீட்டுக்கு நடுவே காலியாகக் கிடந்த மனைகள். யானை, டிராகன் என்று எதுவும் செய்யவில்லை. ஒரு கட்டை பிள்ளைக்குக் கப்பலும் ஆகும், கடையும் ஆகும். நீரூற்றுக்கு வைத்திருக்கும் பணத்தை இங்கே திருப்பச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, வேர்க்கால். பிள்ளைகளைக் கேளுங்கள், ஆனால் 'என்ன வேண்டும்' என்று கேட்காதீர்கள். தெரிந்ததைத்தான் சொல்வார்கள், சறுக்குமரம் என்பார்கள். அவர்களை அந்த இடத்துக்குக் கூட்டிப் போய், எங்கே ஒளிவாய், எங்கே பயமாக இருக்கும், இங்கே என்ன செய்வாய் என்று கேளுங்கள். 1970-களில் யுனெஸ்கோவுக்காகக் கெவின் லின்ச் என்ற நகரத் திட்டமிடல் அறிஞர் பல நாடுகளில் பிள்ளைகளையே தங்கள் பகுதியை வரையச் சொன்னார். நீங்களும் தாளைக் கொடுத்துப் பாருங்கள்.

வேர்க்கால்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பதினொரு பிள்ளைகள், ஐந்து முதல் பதினாறு வயதுவரை, ஒரு பை நிறையச் சுண்ணாம்புத்தூள். 'உங்கள் இடங்களைக் கோடு போட்டுக் காட்டுங்கள்' என்றேன்.

மேட்டைச் சுற்றிக் கோடு போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன், போட்டார்கள். எதிர்பார்க்காதது மேற்கு ஓரத்தில் இருக்கும் பழைய மரம். அதன் வேர் இரண்டு கிளைத்து நிலத்துக்கு மேலே தொட்டி மாதிரி நிற்கிறது. அந்தத் தொட்டிக்குள் தேய்ந்த ஓடு, வழுவழுப்பான கல், பாட்டில் மூடி, ஒரு சாவி எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். யாருடையது என்று கேட்டால் 'எல்லாருடையதும்' என்றார்கள். எட்டு வருடமாக அந்த மரத்தைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன். வரைபடத்தில் நடைபாதை அந்த வேருக்கு நேர்மேலே போகிறது.

நடக்க முடியாத அந்தக் குழந்தையையும் அவள் அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். மேட்டின் மேல் கொண்டுபோய் உட்கார வைத்தோம். இறங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

கடிதம் கொடுத்தாயிற்று. பொறியாளர் நேரில் வந்தார், நல்ல மனிதர், இரண்டு மணி நேரம் நின்று கேட்டார். மேடு இருக்கும், வளைவுப் பாதையோடு. புல்வெளி வேலி போயிற்று. சுவர் இடுப்பளவுக்கு இறங்கியது. நீரூற்றுக்குப் பதில் ஒரு கைப்பம்பு, அதிலிருந்து ஆழமில்லாத கால்வாய். அடித்தால்தான் தண்ணீர் வரும், தேங்காது, மேற்பார்வை26 ஐயாவின் கொசுக் கவலைக்கும் பதில். விளையாட்டிடம் மேற்கு மரநிழலுக்கு நகர்கிறது, நடைபாதை வேரை விட்டு விலகிப் போகும். கழிப்பறை உண்டு. பெரிய பெண்களுக்கான வட்ட இருக்கைக்கு 'பார்க்கலாம்' என்றார், விடாமல் கேட்பேன். இரண்டாவது வாசலுக்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, பூட்டுவதற்கு ஆள் இல்லை என்கிறார். சாலைக் கடப்பு வேறு துறையாம், அதற்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

மேற்பார்வை26

வாசலுக்கு ஆள் இல்லை என்பது உண்மையான பிரச்சினைதான், சாக்குச் சொல்லவில்லை. சுவர் இடுப்பளவுதான் என்றால் இரவில் பூட்டுவதற்கே அர்த்தமில்லை. பூட்டே வேண்டாம் என்று கேளுங்கள். வாரப் பரிசோதனை, மாதப் பரிசோதனைப் பட்டியல் என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது, தட்டச்சு செய்து நாளைக்கு இங்கே போடுகிறேன்.

வேர்க்கால்

மிக்க நன்றி ஐயா. பூட்டு வேண்டாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சொல்ல மறந்தது: பொறியாளர் திருத்திய வரைபடத்தில் பம்பிலிருந்து மேட்டின் அடிவரை கால்வாயை நேர்கோடாகப் போட்டிருந்தார். என் மகள் பார்த்துவிட்டு, நேராகப் போனால் தண்ணீர் சீக்கிரம் முடிந்துவிடும் என்றாள். பென்சிலை வாங்கி மூன்று இடத்தில் வளைத்தாள். ஒரு வளைவில் கல் வைக்கும் இடம் என்று சின்ன வட்டமும் போட்டாள். அவர் அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

மண்புழு

அந்தக் கால்வாய் பழைய மரத்தின் பக்கம் எவ்வளவு கிட்டே போகிறது? தண்டிலிருந்து குறைந்தது நான்கு மீட்டர் தள்ளித் தோண்டச் சொல்லுங்கள், அதுவும் கையால், இயந்திரம் வேண்டாம். வேலை தொடங்குமுன் மரத்தைச் சுற்றித் தடுப்புக் கட்டச் சொல்லுங்கள். ஜல்லியையும் சிமெண்ட் மூட்டையையும் கொண்டுவந்து கொட்டுவது எப்போதும் மரத்தடியில்தான்.